பக்கவாதம் வந்து மூன்று ஆண்டு: சோம்பலா, சோர்வா, மனச்சோர்வா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 49 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 54, அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர். மூன்று ஆண்டுக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்குப் பாதிப்பு இல்லை. ஐந்து மாதம் பிசியோதெரபி செய்து, சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடக்கும் அளவுக்குத் தேறினார். இடையில் ஒருமுறை வலிப்பு வந்ததால் லெவெடிராசெட்டம் எடுக்கிறார். ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கக் குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், ரத்த அழுத்த மாத்திரை ஆகியவையும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றிலிருந்து கட்டிலைவிட்டு இறங்குவதே அரிதாகிவிட்டது. எரிந்து விழுகிறார். டி.வி.யில் சாதாரணக் காட்சி வந்தாலும் தேம்பி அழுது, உடனே நிறுத்திவிடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். "நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கு நிம்மதி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது. பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்க வாங்கிய பிளாஸ்டிக் காலணை குத்துகிறதென்று பரணில் கிடக்கிறது. "ஆறு மாசம் தாண்டினா அவ்வளவுதான், இனி எதுவும் வராது" என்று பலரும் சொல்லிவிட்டார்கள். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். நகையை விற்று ஸ்டெம் செல் சிகிச்சை பார்க்கலாம் என்கிறார் மைத்துனர். தை மாதம் மகள் கல்யாணம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. "மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போய் வேடிக்கை காட்ட வேண்டாம்" என்கிறாராம். "எல்லாம் சோம்பல் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். அவர் வேண்டுமென்றே செய்கிறாரா, இல்லை இதுவும் நோயா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், "போய்ச் சேர்ந்தா நிம்மதி" என்ற வாக்கியத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கோபத்தில் வந்த பேச்சு என்று அதை ஒதுக்காதீர்கள். இன்றே, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "உசிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. கேட்ட பிறகு மனப்பாரம் இறங்கியவர்களே அதிகம். எப்படிச் செய்வது என்றுகூட அவர் யோசித்து வைத்திருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். "சும்மா சொன்னேன்" என்றாலும் பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டில் இருந்தால் அகற்றுங்கள். மாத்திரை டப்பாவை உங்கள் பொறுப்பில் பூட்டி வைத்து அன்றன்றைக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.

நான்கு வெவ்வேறு தொல்லைகள்

அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. நீங்கள் சோம்பல் என்று ஒரே சொல்லில் எழுதியதற்குள் குறைந்தது நான்கு தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது மனச்சோர்வு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் ஆண்டில்தான் வரும் என்றில்லை, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் வரலாம். விடியற்காலை விழிப்பு, தன்னைச் சுமையாக நினைப்பது, சாவைப் பற்றிய பேச்சு மூன்றும் இருப்பதால் உங்கள் கணவருக்கு இது இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டாவது, மூளையில் ஏற்பட்ட காயத்தாலேயே எதையும் தானாகத் தொடங்க முடியாமல் போவது. இவர்களுக்குச் சோகம் இருக்காது, உந்துதல்தான் இருக்காது. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. யாராவது கையைப் பிடித்து எழுப்பிவிட்டால் பேசாமல் எழுந்து வேலையைச் செய்கிறாரா? செய்தால் குறை தொடக்கத்தில் இருக்கிறது. எழுப்பினாலும் "எதுக்கு? என்ன பிரயோசனம்?" என்றால் குறை நம்பிக்கையில் இருக்கிறது. முதல் வகைக்கு மாத்திரையைவிடக் கடிகாரம் அதிகம் உதவும். தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில், "எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்காமல் "மணி ஏழாச்சு, எந்திரிங்க" என்று சொல்லி எழுப்புங்கள்.

மூன்றாவது, டி.வி. பார்த்து அழுவது. தேம்பல் பொங்கி வந்து ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் அழுகையை அடக்கும் நரம்புப் பாதை அறுபட்டதன் விளைவு. உள்ளே அவ்வளவு துக்கம் இருக்காது, சிலருக்கு அதேபோல் சிரிப்பு பொங்கும். அந்த நேரத்தில் "ஏன் அழறீங்க" என்று கேட்டால் அழுகை நீளும். பேச்சை மாற்றி, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் அடங்கும்.

நான்காவது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். எட்டு மாதத்துக்கு முன் விழுந்த அன்றே நடை நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயத்தால் நடக்காமல் இருந்தால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்தால் உண்மையிலேயே தள்ளாடுகிறது, பயம் நியாயமாகிவிடுகிறது. மனச்சோர்வு நடையை முடக்குவதும் நடை முடங்கியதால் மனச்சோர்வு கூடுவதும் இப்படித்தான். அதனால் "முதலில் மனசு சரியாகட்டும், பிறகு நடக்கட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

இவற்றோடு இன்னொன்றும் இருக்கலாம். வலப்பக்க மூளையில் அடிபட்டவர்களுக்கு முகத்தில் பாவமும் குரலில் ஏற்ற இறக்கமும் குறைந்துவிடுவதுண்டு. பாசம் வற்றிப்போனதாக வீட்டார் நினைக்கிறார்கள், உள்ளே அது அப்படியே இருக்கும். கதவு நிலையில் இடது தோள் இடிப்பதும் கவனக்குறைவால் அல்ல. மூளை இடப்பக்கத்தையே கணக்கில் எடுக்காமல் விடலாம், அல்லது இரு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போயிருக்கலாம். தட்டில் இடப்பக்கச் சோறு மிஞ்சுகிறதா, சவரத்தில் இடக் கன்னம் விடுபடுகிறதா என்று கவனியுங்கள். கண் மருத்துவரிடம் பார்வைப் புலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கட்டிலின் இடப்பக்கம் நின்று பேசுங்கள், கதவு நிலையின் இடப்புறம் சிவப்பு டேப் ஒட்டுங்கள்.

மருந்துச் சீட்டில் கவனிக்க வேண்டியவை

எரிந்து விழுவதைப் படித்ததும் மருந்துப் பட்டியலில் லெவெடிராசெட்டம் கண்ணில் பட்டது. வலிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் சிலருக்குச் சிடுசிடுப்பையும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்கூடத் தூண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு, அல்லது அளவு கூட்டிய பிறகு குணம் மாறியதா என்று தேதியோடு நினைவுபடுத்தி நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும்.

சோர்வுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12, சர்க்கரை ஆகிய ஐந்து பரிசோதனைகளை ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். குறட்டை பலமாக இருந்து இடையில் மூச்சு நிற்கிறதா என்று ஒரு இரவு கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் இது மிகச் சாதாரணம், பகல் சோர்வுக்கும் மறுபடி பக்கவாதம் வருவதற்கும் காரணமாகிறது.

மனச்சோர்வு உறுதியானால் மனநல மருத்துவர் பெரும்பாலும் செர்ட்ராலின் அல்லது எஸ்சிடாலோப்ராம் தருவார். செர்ட்ராலின் 25 மி.கி.யில் தொடங்கி 50-க்கு உயர்த்துவது வழக்கம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டார், கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பொங்கி வரும் அழுகையும் இதே மாத்திரையில் பெரும்பாலும் அடங்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. குளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக் கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும், மலம் கறுத்துப் போனால் உடனே காட்டுங்கள். சோடியமும் குறையலாம். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுத்தால் இன்னும் எளிதில் குறையும். அதனால் மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை சோடியம் பார்த்துவிடுங்கள். திடீர்க் குழப்பம், புதிய தள்ளாட்டம் இரண்டும் அதன் அறிகுறி. வலிப்பு வந்தவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், புப்ரோபியான் போன்ற சில மாத்திரைகள் அவருக்கு ஆகாது.

"ஃபுளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் நரம்பு வளர்ந்து நடை வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 3,127 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஃபோகஸ் ஆய்வில், ஆறு மாதம் அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நடமாட்டம் கூடவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. குளோபிடோக்ரெல் வேலை செய்வதையும் அது ஓரளவு தடுக்கக்கூடும். மனச்சோர்வு மாத்திரை மனசுக்குத்தான். காலுக்கு மருந்து பயிற்சிதான்.

ஆறு மாதக் கணக்கு

இந்தக் கணக்கில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது. செத்த நரம்பணுக்களைச் சுற்றி மயங்கிக் கிடந்தவை தானாக விழிப்பது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடந்து முடிகிறது. அதற்குப் பிறகு தானாக எதுவும் வராது, பழகினால்தான் வரும். அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பிரிவினருக்கு நடைப்பயிற்சியையே ஆறாம் மாதத்தில்தான் தொடங்கினார்கள். ஆண்டு முடிவில் இரண்டாம் மாதத்தில் தொடங்கியவர்களுக்குச் சமமாக அவர்களும் தேறியிருந்தார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: கயிற்றில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடத்திய பிரிவும், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிப் பிரிவும் ஒரே அளவு தேறின. விலை உயர்ந்த எந்திரம் இல்லையே என்று ஏங்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கணவர் இழந்திருப்பது முதலில் போனதை மட்டும் அல்ல. படுத்தே கிடந்த எட்டு மாதத்தில் போனதும் அதில் இருக்கிறது, அது திரும்பி வரும்.

கையைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டாகியும் விரலை நீட்டும் அசைவு துளியும் இல்லையென்றால் அந்தக் கை பழையபடி வேலை செய்ய வாய்ப்பு குறைவு. வலியில்லாமல், உள்ளங்கை அழுகாமல், சட்டைக் கையில் நுழையும்படி வைத்திருப்பதையே குறிக்கோளாகக் கொள்ளுங்கள். உழைப்பைக் காலில் போடுங்கள்.

காலுக்கான வேலை

முதலில் அளவெடுங்கள். தெருவில் 10 மீட்டர் குறித்து, அவர் வழக்கமாக நடக்கும் வேகத்தில் எத்தனை வினாடி என்று பாருங்கள். 25 வினாடிக்கு மேல் ஆனால் வீட்டோடு நிற்கும் நடை. 12, 13 வினாடிக்குள் வந்தால் தெருவில் தாராளமாகப் போய்வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலண்டரில் எழுதி, அவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். நம்பிக்கை இழந்தவருக்கு ஆறுதல் வார்த்தையைவிட, 38 என்பது 33 ஆனது பெரிதாகத் தெரியும்.

பரணில் இருக்கும் காலணையை இறக்குங்கள். குத்தியதற்குக் காரணம் அநேகமாகக் குதிகால் சரியாக உட்காராததும், ஆயத்தமாக வாங்கியதும்தான். முழங்கால் வரை மெல்லிய பருத்திக் காலுறை போட்டு, குதிகாலைப் பின்பக்கம் முட்டும்வரை தள்ளி, கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குங்கள். அதன் மேல் ஒரு அளவு பெரிய ஷூ போட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றியதும் சிவந்த இடத்தைப் பாருங்கள். 20, 30 நிமிடத்தில் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தைச் சூடாக்கி விரித்துத் தரச் சொல்லுங்கள், வெறும் பஞ்சு வைத்து ஒட்டினால் இன்னும் அழுத்தும். கால் உட்பக்கம் திருகி சுண்டுவிரல் ஓரம் தரையில் உரசினால், மறுவாழ்வு மருத்துவரிடம் போட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள். சுமார் மூன்று மாதம் தசை தளரும், அந்த மூன்று மாதத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால்தான் ஊசிக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன். ரப்பர் செருப்பை விட்டுவிடுங்கள். இடது காலில் அது கழன்றதே அவருக்குத் தெரியாது. தரையைக் கூட்டும் கைலியும் வேண்டாம்.

பயிற்சியில் தலையானது உட்கார்ந்து எழுவது. கைப்பிடியுள்ள, சுமார் 18 அங்குல உயர மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நழுவும். எழ முடியாவிட்டால் மடித்த கம்பளம் ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், அதிலும் இடது பாதம் ஒரு விரற்கடை கூடுதலாகப் பின்னால். மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை முன்னால் குனிந்து எழ வேண்டும். வழக்கமாக எல்லாரும் நல்ல காலிலேயே பாரம் போட்டு எழுவார்கள், அப்படி ஆயிரம் முறை எழுந்தாலும் இடது தொடை வலுவடையாது. பாதத்தைப் பின்னால் வைப்பது அதற்காகத்தான். ஐந்து முறை, இளைப்பாறி மறுபடி ஐந்து முறை என்று காலை, மதியம், மாலை. ஒரே மூச்சில் பத்து முறை சிரமமில்லாமல் வந்ததும் கம்பளத்தை எடுத்துவிடுங்கள்.

நடையைத் துண்டு துண்டாக வையுங்கள்: ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சோர்வு உள்ளவர்கள் ஒரு நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஊன்றுகோல் வலது கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். கோல், இடது கால், வலது கால் என்பது வரிசை. படி ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது கோலும் இடது காலும் முதலில்.

நீங்கள் அவருடைய இடப்பக்கம், அரையடி பின்னால் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது.

பயத்தைப் போக்க நான் நம்புவது ஒன்றை. விழுந்தால் எப்படி எழுவது என்று பாயில் வைத்துப் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழக்குங்கள். வலப்பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, மண்டியிட்டு, முன்னால் போட்ட நாற்காலியில் வலது கையை வைத்து, வலது பாதத்தை ஊன்றி எழ வேண்டும். பின்னால் இன்னொரு நாற்காலியை நீங்கள் தள்ளிக் கொடுக்கலாம். எழத் தெரிந்தவருக்கு விழும் பயம் பாதியாகக் குறைகிறது. உண்மையாகவே விழுந்து தலையில் அடிபட்டால், குளோபிடோக்ரெல் எடுப்பவர் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று காட்டிவிடுங்கள். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

பிசியோதெரபிஸ்டுக்குச் செலவு செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார், கட்டணமில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நகையை விற்க வேண்டாம்

பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லை ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாகத் தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. முறையான ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள், பணம் கேட்டால் அங்கிருந்து வந்துவிடுங்கள். புறா ரத்தம் தேய்ப்பதால் எந்தப் பலனும் இல்லை. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருந்தால் செய்யலாம், ஆனால் சூடாக வேண்டாம். உணர்ச்சி குறைந்த கை, கொப்புளம் வந்த பிறகும் சுட்டது என்று சொல்லாது. பணத்தை மர நாற்காலி, குளியலறைக் கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான தரை, சரியான ஷூ ஆகியவற்றில் போடுங்கள்.

வி.ஆர்.எஸ். கையெழுத்து

இப்போது போட வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவர் எடுக்கும் பெரிய முடிவுகளை மூன்று மாதமாவது தள்ளிப்போடுவது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. வலிப்பும் இடப்பக்கக் குறையும் உள்ளவர் பஸ் ஓட்டத் திரும்ப முடியாது, அதில் ஐயம் வேண்டாம். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4), பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்கலாம். தானாக விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம். அரசு மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டையும் வாங்கி, மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். தொழிற்சங்க வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பலாம்.

திட்டிவிட்டேன் என்று வருந்தியிருக்கிறீர்கள். காரணம் யாரும் சொல்லித்தராதபோது கோபம் வரத்தான் செய்யும். மூன்று ஆண்டாக ஒருநாள்கூட முழுத் தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாரம் இரண்டு மாலை மகனோ மைத்துனரோ பொறுப்பேற்கட்டும். நகையை விற்கத் துணிந்தவர் இரண்டு மாலையைக் கொடுக்கலாம். உங்களுக்கும் தூக்கம், பசி, ஆர்வம் போயிருந்தால் அவரோடு போகும் அதே மனநல மருத்துவரிடம் நீங்களும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு நான்கு மாதம் என்பது நல்ல அவகாசம். மாத்திரைக்கு ஆறு வாரம், பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. "வந்தே ஆகணும்" என்று வற்புறுத்தாதீர்கள். மண்டபத்தை ஒருநாள் போய்ப் பார்த்து, வாசலில் எத்தனை படி, வாசலிலிருந்து மேடைவரை எத்தனை அடி என்று அளந்து வந்து, அதே தூரத்தை வீட்டு முன் குறித்துப் பழக்குங்கள். பாதி வழியில் ஒரு நாற்காலி, மேடையில் கைப்பிடியுள்ள நாற்காலி, தரைத்தளத்தில் மேற்கத்தியக் கழிப்பறை மூன்றையும் இப்போதே உறுதி செய்யுங்கள். முந்தின நாள் முழு ஓய்வு, சாப்பாடானதும் ஒரு மணி நேரம் படுக்க ஓர் அறை வேண்டும். தாரை வார்க்க அவருடைய வலது கையோடு உங்கள் கையும் சேரட்டும், அதைப் புரோகிதரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் அழுகை பொங்கலாம். மகளிடமும் சம்பந்தி வீட்டாரிடமும், இது ஓரிரு நிமிடத்தில் அடங்கும், யாரும் சூழ்ந்துகொண்டு தேற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.